ஜப்பானில் சபை ஊழியத்துக்குப் போகிற மதுரைக்காரர்களுக்கு: காகிதம், காசு, மொழி

ஒசாகா பக்கத்துச் சிறிய சபை ஒன்றில் தன்னார்வ ஊழியம் செய்துவிட்டு மதுரைக்குத் திரும்பியதிலிருந்து, நரிமேடு, பசுமலை, அரசரடி என்று பல சபைகளிலிருந்து இளைஞர்கள் வந்து விவரம் கேட்கிறார்கள். நான் கிளம்பிய காலத்தில் சொல்லித்தர ஆள் இல்லை. ஏஜெண்டுகளுக்கு மாணவர் விசாவும் வேலை விசாவும் அத்துபடி. ஊழியத்துக்கான விசா என்றால் முழிக்கிறார்கள். சபைப் பெரியவர்கள் மனதார ஜெபித்து அனுப்புவார்கள், ஆனால் எந்தக் காகிதம் எங்கே வேண்டும் என்று அவர்களுக்கும் தெரியாது. நடுவில் நாம்தான் அலைய வேண்டியிருக்கிறது. அலைந்து தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன். எந்தச் சபைப் பிரிவாக இருந்தாலும் நடைமுறை ஏறக்குறைய ஒன்றுதான். கையில் ஒரு வருடம் வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

1. அழைக்கிற சபை உறுதியாகாமல் எதையும் தொடங்காதீர்கள்

முதல் விண்ணப்பத்தைப் போடுவது அங்கே உங்களை வரவேற்கிற சபை. அவர்கள் தங்கள் ஊருக்கான குடிவரவு அலுவலகத்தில் உங்கள் பெயரில் ஒரு தகுதிச் சான்றிதழ் கேட்டு எழுதுவார்கள். எல்லாரும் இதை சி.ஓ.இ. என்றுதான் சொல்கிறார்கள். இதற்குக் கட்டணம் கிடையாது. ஒன்று முதல் மூன்று மாதம் பிடிக்கும். அது கையில் வந்த பிறகுதான் சென்னையில் விசா வேலை.

விசா வகைக்குப் பெயர் ‘சமயப் பணி’. வெளிநாட்டுச் சமய அமைப்பு ஒன்று அனுப்பி, ஜப்பானில் ஊழியம் செய்ய வருகிறவர்களுக்கானது. குருப்பட்டம் பெறாத ஊழியர்களும் இதில் போகிறார்கள். தங்கும் காலம் மூன்று மாதம், ஒரு வருடம், மூன்று வருடம், ஐந்து வருடம் என்று நான்கு விதம். முதல் தடவையே ஐந்து வருடம் கிடைக்கும் என்று கணக்குப் போட வேண்டாம்.

“டூரிஸ்ட் விசாவில் போங்க, அங்கே போய் மாத்திக்கலாம்” என்று யாராவது சொன்னால் அந்த இடத்தைவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். குறுகிய கால விசாவிலிருந்து வேறு வகைக்கு மாற, விசேஷ காரணம் இல்லாமல் அனுமதி கொடுக்க மாட்டார்கள். அதை நம்பி வீட்டைக் காலி செய்தால் மூன்று மாதத்தில் திரும்ப வேண்டியதுதான்.

சபையை எப்படிப் பிடிப்பது? உங்கள் திருமண்டில அலுவலகத்துக்கோ, உங்கள் பிரிவின் மிஷன் துறைக்கோ அங்கே உறவுச் சபைகள் இருக்கும். ஆயர் ஐயா மூலமாகவே கடிதம் போகட்டும்; தனி ஆளாக மின்னஞ்சல் அனுப்பினால் பதில் வருவது அபூர்வம். தொடர்பு கிடைத்ததும் கூச்சப்படாமல் சில விஷயங்களைக் கேட்டுவிடுங்கள். எங்கே தங்க வைப்பீர்கள், சாப்பாட்டுச் செலவும் காப்பீட்டுப் பணமும் யார் பொறுப்பு, மொழி படிக்க வாரத்தில் எத்தனை மணி நேரம் விடுவீர்கள், என்னைப் பார்த்துக்கொள்ளும் நபர் யார்? ஜப்பானியர்கள் இப்படிக் கேட்பதைத் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. கேட்காமல் போய், பிறகு மனத்தாங்கல் வருவதுதான் அவர்களுக்கும் சங்கடம்.

2. பாஸ்போர்ட்டில் உங்கள் பெயர் எப்படி இருக்கிறது?

நம் ஊர்க்காரர்கள் மாட்டிக்கொள்கிற பெரிய இடம் இதுதான். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். ஜப்பானில் எந்தப் படிவத்தை எடுத்தாலும் முதல் கட்டமே குடும்பப் பெயர்.

பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டம் காலியாக இருந்தால் விசா கிடைப்பதில் தடை இல்லை. ஆனால் அங்கே போய் வங்கிக் கணக்கு, செல்போன் எண் எடுக்கும்போது ஒவ்வொரு கவுண்டரிலும் நிற்க வேண்டிவரும். அப்பா பெயரை அந்தக் கட்டத்தில் போட்டிருந்தால் வேலை சுலபம். சபையில் எல்லாரும் உங்களை அப்பா பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், அவ்வளவுதான். எப்படி வைத்துக்கொண்டாலும் சரி, பாஸ்போர்ட், பத்தாம் வகுப்புச் சான்றிதழ், ஞானஸ்நானச் சான்றிதழ் மூன்றிலும் பெயர் ஒத்துப்போக வேண்டும். பள்ளியில் அருள்ராஜ், ஞானஸ்நானப் பதிவேட்டில் ஜான் அருள்ராஜ், பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிந்து வேறொன்று என்று இருந்தால், மூன்றும் ஒரே ஆள்தான் என்று நோட்டரியிடம் ஒரு உறுதிமொழிப் பத்திரம் எடுத்து வையுங்கள்.

பாஸ்போர்ட் புதிதாக எடுப்பதென்றாலும், பெயர் திருத்தி மறுபடி வாங்குவதென்றாலும் 36 பக்கப் புத்தகத்துக்கு 1,500 ரூபாய். தட்கல் என்றால் மேலே 2,000. மதுரையில் ரேஸ்கோர்ஸ் பக்கத்து பாஸ்போர்ட் அலுவலகத்திலேயே முடிந்துவிடும். ஒரு வருடம் முன்னால் தொடங்கினால் தட்கல் தேவையே இல்லை. பாஸ்போர்ட் எண் உறுதியான பிறகுதான் மற்ற கடிதங்களை அடிக்கச் சொல்ல வேண்டும். பழைய எண் போட்ட கடிதத்தை மாற்ற மறுபடி ஒரு சுற்றுக் கையெழுத்து வாங்க வேண்டும்.

3. அனுப்புதல் கடிதமும் கூடப் போகும் காகிதங்களும்

குடிவரவு அலுவலகம் முக்கியமாகப் பார்ப்பது மூன்று கட்டுகள்.

முதலாவது, உங்களை அனுப்பும் சபையின் கடிதம். அதில் எத்தனை காலம், என்ன பொறுப்பு, என்ன ஊதியம் என்பது தெளிவாக இருக்க வேண்டும். ‘இவர் நல்ல விசுவாசி, இவரை ஆசீர்வதித்து அனுப்புகிறோம்’ என்று ஒரு பக்கம் எழுதி, இந்த மூன்றையும் விட்டுவிட்ட கடிதங்களைப் பார்த்திருக்கிறேன். தன்னார்வலர் என்றால் ‘ஊதியம் இல்லை’ என்று எழுதி நிறுத்திவிடக் கூடாது. ஊதியம் இல்லாதவர் எப்படிச் சாப்பிடுவார் என்பதுதான் அடுத்த கேள்வி. தங்குமிடத்தை யார் தருகிறார்கள், மாதச் செலவுக்கு யார் எவ்வளவு தருகிறார்கள் என்று தொகையோடு எழுதச் சொல்லுங்கள். அங்கிருந்து வரும் கடிதமும் இங்கிருந்து போகும் கடிதமும் தொகையில் முரண்படக் கூடாது.

இரண்டாவது, இரண்டு சபைகளைப் பற்றிய விவரம். எப்போது தொடங்கியது, எங்கே பதிவு, எத்தனை உறுப்பினர், என்னென்ன பணிகள் என்று இரண்டு மூன்று பக்கம். நம் சபைகளில் இது தயாராக இருக்காது. சபைச் செயலரோடு உட்கார்ந்து நீங்களே எழுதிக் கொடுத்து, லெட்டர்பேடில் அடித்துக் கையெழுத்து வாங்குவதுதான் வழி.

மூன்றாவது, உங்கள் ஊழிய அனுபவத்துக்கான சான்று. ஓய்வுநாள் பள்ளி ஆசிரியராக இருந்தது, வாலிபர் ஐக்கியத்தில் பொறுப்பு வகித்தது, பாடகர் குழு, கிராம ஊழியம் எல்லாவற்றையும் எந்த வருடம் முதல் எந்த வருடம் வரை என்று ஆயர் ஐயா எழுதித் தர வேண்டும். இறையியல் படித்திருந்தால், அஞ்சல் வழிப் படிப்பாக இருந்தாலும், அந்தச் சான்றிதழையும் சேருங்கள்.

கடிதத்தில் ‘ஜப்பானிய மொழி கற்பதற்காக’ என்பதை முதல் வரியில் வைக்காதீர்கள். படிப்புத்தான் முதன்மை என்று தோன்றினால் மாணவர் விசாவுக்கு ஏன் போகவில்லை என்ற கேள்வி வரும். ஊழியம் முதன்மை, அதற்காக மொழி கற்கிறார் என்று இருக்கட்டும். உண்மையும் அதுதானே.

காகிதங்கள் ஆங்கிலத்தில் இருந்தாலும் ஜப்பானிய மொழிபெயர்ப்பு கூடப் போக வேண்டும். அதை வரவேற்கும் சபைதான் செய்யும். நீங்கள் செய்ய வேண்டியது, கையால் எழுதிய தமிழ்ப் பதிவேட்டுப் பிரதியை அப்படியே அனுப்பாமல் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து அனுப்புவது. விண்ணப்பத்துக்கான புகைப்படம் 4 சென்டிமீட்டர் உயரம், 3 சென்டிமீட்டர் அகலம். ஸ்டுடியோவில் ‘பாஸ்போர்ட் சைஸ்’ என்று மட்டும் சொல்லாமல் அளவைச் சொல்லுங்கள்.

சான்றிதழ் வெளிநாட்டில் செல்லுபடியாக அரசு போடும் அபாஸ்டில் முத்திரை, காவல்துறைச் சான்று எல்லாம் ‘கட்டாயம்’ என்று சொல்லி ஆயிரக்கணக்கில் கேட்பவர்கள் இருக்கிறார்கள். வரவேற்கும் சபை கேட்டால் மட்டும் எடுங்கள்.

நேரக் கணக்கில் ஒன்று: கிறிஸ்துமஸ் மாதம், லெந்து காலக் கடைசி வாரங்கள், திருமண்டிலத் தேர்தல் காலம், இந்த மூன்றிலும் பேராயர் அலுவலகத்தில் கையெழுத்து நகராது. ஜூன், ஜூலையில் கடிதங்களை முடித்துவிடுங்கள்.

4. மொழியை மதுரையிலேயே தொடங்குங்கள்

சமயப் பணி விசாவுக்கு மொழித் தேர்வு எதுவும் கட்டாயம் இல்லை. அதனால் ‘அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று விட்டுவிடுகிறார்கள். அப்படிப் போனவர்களின் முதல் ஆறு மாதம் எழுத்துக்கூட்டிப் படிப்பதிலேயே போய்விடுகிறது. ஜப்பானிய மொழியில் ஒலியைக் குறிக்கும் எழுத்து வரிசைகள் இரண்டு: ஹிரகானா 46, கதகானா 46. இரண்டையும் இங்கேயே, தினமும் அரை மணி நேரம் கையால் எழுதிப் பழகினால், ஓரிரு மாதத்தில் முடிக்கலாம். ஜப்பான் பவுண்டேஷன் இணையத்தில் இலவசமாகவே பாடங்கள் தருகிறது. ஜப்பானிய மொழித் திறனைச் சோதிக்கும் ஜே.எல்.பி.டி. தேர்வு ஜூலையிலும் டிசம்பரிலும் சென்னையில் நடக்கும். அடிப்படை நிலையான என்5 எழுதிவிட்டுப் போனால் உங்களுக்கே தைரியம் வரும்.

தமிழர்களுக்கு இந்த மொழியில் இலக்கணம் பெரிய தடை இல்லை. ‘நான் நேற்று மதுரையில் சோறு சாப்பிட்டேன்’ என்ற வாக்கியத்தின் சொல் வரிசையை மாற்றாமலே ஜப்பானிய மொழியில் சொல்லலாம். வினை கடைசியில்தான் வரும். வேற்றுமை உருபு மாதிரியே சிறு சொற்கள் பெயருக்குப் பின்னால் ஒட்டும். குறில் நெடில் வேறுபாடும் நமக்குப் பழக்கம். ஆகவே ஆங்கில வழியாக மொழிபெயர்த்து யோசிக்காமல், தமிழிலிருந்து நேராக ஜப்பானிய மொழிக்குப் போங்கள். கஷ்டம் சீனத்திலிருந்து வந்த கான்ஜி எழுத்துகளில்தான்: அன்றாடப் பயன்பாட்டுக்கென்று அரசு வகுத்த பட்டியலிலேயே 2,136 இருக்கின்றன. அதை நினைத்து இப்போதே மலைக்க வேண்டாம்.

போவதற்குமுன் இரண்டை மட்டும் மனப்பாடம் செய்துவிடுங்கள். ஒன்று, பரமண்டல ஜெபம். உங்களை ஏற்கும் சபை சொல்லும் வடிவத்தை ஒலிப்பதிவாக வாங்கிக் கேட்டுப் படியுங்கள். பிரிவுக்குப் பிரிவு வாசகம் மாறும். முதல் ஞாயிறு அன்றே சபையோடு சேர்ந்து வாய்திறந்து சொல்லும்போது பக்கத்தில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பார். இரண்டாவது, ஒரு நிமிட சுய அறிமுகம். முதல் மாதம் முழுக்க அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வீர்கள்.

5. சி.ஓ.இ. வந்தபின் சென்னை

சி.ஓ.இ. இப்போது மின்னஞ்சலிலும் வரும். வழங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் ஜப்பானில் கால் வைக்க வேண்டும். வீட்டில் கல்யாணம், அறுவடைப் பண்டிகை என்று நாளைக் கடத்தாதீர்கள்.

விசா விண்ணப்பத்தை, தூதரகத்துக்காக அதை வாங்கும் சென்னை வி.எஃப்.எஸ். மையத்தில் கொடுக்க வேண்டும். முன்பதிவு செய்துகொண்டு பாண்டியன் எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால், காலையில் எழும்பூரில் இறங்கி வேலையை முடித்துவிட்டு அன்று இரவே திரும்பிவிடலாம். காகிதம் சரியாக இருந்தால் ஒரு வாரம், பத்து நாளில் பாஸ்போர்ட் கையில் வந்துவிடும். விசா ஒட்டிய பிறகு டிக்கெட் வாங்குங்கள்.

டிக்கெட்டில் ஒரு கண்ணி இருக்கிறது. மதுரையிலிருந்து கொழும்பு வழியாக நரிட்டாவுக்கு ஒரே டிக்கெட்டாகப் போக முடிந்தால் பெட்டி நேராகப் போய்ச் சேரும். விலை குறைவென்று மதுரை–சிங்கப்பூர் ஒரு டிக்கெட், சிங்கப்பூர்–ஜப்பான் வேறொரு டிக்கெட் என்று எடுத்தால், நடுவில் பெட்டியை எடுத்து மறுபடி ஒப்படைக்கக் குடிவரவுப் பகுதியைத் தாண்டி வெளியே வர வேண்டியிருக்கும். அதற்கு அந்த நாட்டு விசா தேவைப்படலாம். மிச்சம் பிடித்தது அங்கேயே கரைந்துவிடலாம்.

6. பணம்

புது ஆளுக்கு ஜப்பானில் வங்கிக் கணக்கு உடனே கிடைப்பதில்லை. கணக்கு திறந்தாலும் முதல் ஆறு மாதத்துக்குச் சில பரிமாற்றங்களுக்குக் கட்டுப்பாடு உண்டு. ஆகவே முதல் இரண்டு மூன்று மாதச் செலவுக்கான பணத்தைக் கையிலோ, வெளிநாட்டுப் பணம் ஏற்றிய போரெக்ஸ் கார்டிலோ கொண்டுபோங்கள். இந்தியாவிலிருந்து வெளிநாட்டு நோட்டாக எடுத்துச் செல்ல ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் மதிப்பு வரைதான் அனுமதி. மீதி கார்டில் இருக்கட்டும்.

சபை உங்களுக்கு மாதாமாதம் பணம் அனுப்பப்போகிறது என்றால், அறக்கட்டளைக் கணக்கிலிருந்து நேராக வெளிநாட்டுக்கு அனுப்பச் சொல்லாதீர்கள். அறக்கட்டளையின் வருமானத்தை இந்தியாவுக்கு வெளியே செலவழித்தால் வரிவிலக்கில் சிக்கல் வரும். முதலில் ஆடிட்டரைக் கேளுங்கள்.

இதற்கு நேரெதிரான சிக்கலும் உண்டு, அதைப் பற்றி யாரும் எச்சரிப்பதில்லை. கொஞ்ச நாள் பழகியதும் அந்தச் சபையார் உங்கள் மேல் அன்புகொண்டு, மதுரையில் இருக்கிற உங்கள் சபைப் பள்ளிக்கோ பிள்ளைகள் விடுதிக்கோ காணிக்கை அனுப்ப ஆசைப்படுவார்கள். உங்கள் சொந்தக் கணக்கில் அதை வாங்கிச் சபைக்குக் கொடுக்கவே கூடாது. வெளிநாட்டு நன்கொடை வாங்க அந்த அமைப்புக்கு எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின்கீழ் பதிவு வேண்டும், 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளையிலுள்ள கணக்குக்குத்தான் முதலில் வர வேண்டும். பதிவு இருக்கும் அமைப்பின் விவரத்தைக் கொடுத்துவிட்டு நீங்கள் ஒதுங்கிக்கொள்ளுங்கள். நல்ல எண்ணத்தோடு செய்த காரியத்தால் ஊரில் ஒரு சபையே விசாரணைக்கு ஆளாகக் கூடாது.

7. பெட்டியில் எதை வைக்கக் கூடாது

எந்த வகை இறைச்சியும் கூடாது. அம்மா ஆசையாகக் கட்டிக்கொடுக்கும் உப்புக்கண்டமும் அதில் சேரும். பச்சைக் கறிவேப்பிலை, மாங்காய், விதைகள் வேண்டாம். பொடி வகைகளைக் கடையில் சீல் வைத்த பொட்டலமாக வாங்குங்கள். மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரைகள் ஒரு மாதத்துக்குத்தான்; அதற்கு மேல் என்றால் முன்கூட்டியே ஜப்பான் சுகாதார அமைச்சகத்திடம் அனுமதி வாங்க வேண்டும். நம் ஊரில் சாதாரணமாக விற்கும் சில சளி மாத்திரைகளில் சூடோஎஃபெட்ரின் இருக்கும், சில இருமல் மருந்துகளில் கோடீன் இருக்கும். இரண்டையும் தொடாதீர்கள். பல் வலி இருந்தால் இங்கேயே பார்த்துவிட்டுப் போங்கள்.

8. இறங்கிய பிறகு 14 நாள்

நரிட்டா, ஹனேடா, கன்சாய் போன்ற பெரிய விமான நிலையங்களில் இறங்கினால் அங்கேயே ரெசிடென்ஸ் கார்டை, அதாவது தங்கும் உரிமைக்கான அடையாள அட்டையை, கொடுத்துவிடுவார்கள். அது எப்போதும் சட்டைப்பையில் இருக்க வேண்டும். தங்குமிடம் முடிவான 14 நாளுக்குள் அந்த நகராட்சி அலுவலகத்துக்குப் போய் முகவரியைப் பதிய வேண்டும். அதே நாளில் தேசிய மருத்துவக் காப்பீட்டிலும் சேர்ந்துவிடுங்கள். அதில் சேர்ந்தவர் மருத்துவச் செலவில் பொதுவாக 30 சதவீதம் கட்டினால் போதும். சந்தா முந்தைய வருட வருமானத்தைப் பொறுத்தது, ஆகவே ஊதியமில்லாத ஊழியருக்குக் குறைவாகவே வரும்.

ஓய்வூதியம் வேறு கதை. 20 முதல் 59 வயது வரை அங்கே குடியிருக்கும் எல்லாருக்கும் கட்டாயம், வெளிநாட்டவருக்கும்தான். 2025ஆம் நிதியாண்டில் மாதம் 17,510 யென். தன்னார்வலருக்கு இது பெரிய தொகை. வருமானம் இல்லாதவர்கள் விலக்குக் கேட்டு விண்ணப்பிக்கலாம். கவுண்டரில் நீங்களாகக் கேட்டால்தான் படிவம் வரும். சபையிலிருந்து ஒருவரை அன்றைக்குக் கூட அழைத்துப் போங்கள்.

9. பேச்சு வராத முதல் வருடம்

இதுதான் உண்மையான வேலை. விசா வந்ததும் எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள்.

முதல் வருடத்தில் உங்களால் பிரசங்கம் செய்ய முடியாது, ஆறுதல் சொல்ல முடியாது, ஓய்வுநாள் பள்ளியில் கதை சொல்ல முடியாது. ஆராதனைக்கு அரை மணி முன்னால் போய் நாற்காலி போடலாம். வாசலில் வயதானவர்கள் காலணி கழற்றும்போது கை கொடுக்கலாம். ஆராதனை முடிந்ததும் தேநீர்க் கோப்பைகளைக் கழுவலாம். அந்தச் சமையலறையில் கற்கிற மொழி எந்த வகுப்பிலும் கிடைக்காது, ஏனென்றால் அங்கே யாரும் உங்களுக்குப் பாடம் நடத்துவதில்லை. ‘இதை அங்கே வை’, ‘அது போதும்’, ‘யாருடைய குடை?’ என்று வேலைதான் நடக்கும். குழந்தைகளுக்கு இலவசமாகவோ குறைந்த காசிலோ சாப்பாடு போடும் ‘கொதொமோ ஷொகுதோ’வைப் பல சபைகள் நடத்துகின்றன. நம் ஊர்க் குழம்பைக் காரம் குறைத்து வைத்துக் கொடுத்தால் உங்களுக்கு அங்கே நிரந்தர இடம் கிடைக்கும். பிள்ளைகள் திருத்துவதுபோல உச்சரிப்பைப் பெரியவர்கள் திருத்த மாட்டார்கள்.

வாராந்தர அறிக்கைத் தாளை விடாதீர்கள். நான் இருந்த சபையில் சனிக்கிழமை மாலையே அது அச்சாகிவிடும். எண்பது வயதைத் தாண்டிய ஒரு அம்மா, மடிப்பதற்குமுன் ஒரு பிரதியை எடுத்து, ஒவ்வொரு கான்ஜி எழுத்தின் மேலும் பென்சிலால் பொடிப்பொடியாக ஹிரகானாவில் உச்சரிப்பை எழுதித் தருவார். கை நடுங்கும், ஆனால் எழுத்து கட்டத்தைவிட்டு வெளியே போகாது. நான் அதை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சத்தமாக வாசித்துவிட்டு, மறுநாள் அறிவிப்பு சொல்லும்போது காதால் தொடர்வேன். கொஞ்ச மாதத்தில் அவர் தெரிந்த எழுத்துகளுக்கு மேல் எழுதுவதை நிறுத்திவிட்டார். எதை நிறுத்தினார் என்பதுதான் எனக்கு மதிப்பெண் பட்டியல். உங்கள் சபையிலும் இப்படி ஒருவர் இருப்பார். நீங்களாகப் போய்க் கேளுங்கள், சந்தோஷமாகச் செய்வார்கள்.

நகராட்சிகளிலும் சர்வதேசப் பரிமாற்றச் சங்கங்களிலும் தன்னார்வலர்கள் நடத்தும் மொழி வகுப்புகள் உண்டு, இலவசம் அல்லது பெயரளவுக் கட்டணம். முகவரி பதியும் நாளிலேயே விசாரியுங்கள். வகுப்பில் படிப்பது ஒன்று, ஒசாகாக்காரர் பேசுவது ஒன்று. பள்ளிக்கூடத் தமிழ் மட்டும் படித்தவர் மாட்டுத்தாவணியில் வந்து நின்ற கதையாக இருக்கும். பதற வேண்டாம், காது பழகும்.

தமிழர்கள், இந்தியர்கள் அதிகம் இருக்கும் இடத்தில் தங்குவதானால், டோக்கியோவின் நிஷி-கசாய் மாதிரி, மனதுக்கு ஆறுதல் உண்டு, மொழி வராது. செல்போனும் அப்படித்தான். ஜப்பான் நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. மதுரையில் காலை எட்டரை ஆராதனை தொடங்கும்போது அங்கே பகல் 12. நம் சபை நேரலையைப் பார்க்க ஆசை வரும். ஆனால் அந்த நேரத்தில்தான் அங்கே சபையார் உட்கார்ந்து தேநீர் குடிப்பார்கள். எதை விடக் கூடாது என்று உங்களுக்கே தெரியும். வீட்டோடு பேசுவதை மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஊழிய முறையிலும் நம் வழக்கங்கள் சில அங்கே செல்லாது. சொல்லாமல் கொள்ளாமல் வீடு சந்திக்கப் போகாதீர்கள். அடுக்குமாடித் தபால் பெட்டிகளில் துண்டுப்பிரசுரம் போட வேண்டாம் என்று எழுதி ஒட்டியிருந்தால் போடவே கூடாது. வியாதியஸ்தர் பெயரைச் சொல்லிச் சபையில் சத்தமாக ஜெபிப்பதற்குமுன் அவரிடம் கேளுங்கள். பலர் தங்கள் நோயை வெளியே சொல்ல விரும்புவதில்லை. பத்து மணி என்றால் பத்து நிமிடம் முன்னால் நில்லுங்கள்.

சம்பளத்துக்கு வேறு வேலை, ஆங்கில டியூஷன் உட்பட, அனுமதி இல்லாமல் செய்யக் கூடாது. ‘ஒரு மணி நேரம்தானே’ என்று யாராவது உறையில் பணம் வைத்துக் கொடுத்தாலும், உங்களைப் பார்த்துக்கொள்ளும் நபரிடம் சொல்லிவிடுங்கள்.

10. நீட்டிப்பும் திரும்புதலும்

காலம் முடிவதற்கு மூன்று மாதம் முன்னாலிருந்து நீட்டிப்புக்கு விண்ணப்பிக்கலாம். 2025 ஏப்ரல் முதல் கட்டணம் 6,000 யென், இணையத்தில் செய்தால் 5,500. மதுரையிலிருந்து புதிய அனுப்புதல் கடிதம் வேண்டியிருக்கும், அதற்கு ஆறு மாதம் முன்னாலேயே எழுதிவிடுங்கள். இடையில் கல்யாணம், துக்கம் என்று ஊருக்கு வந்தால், விமான நிலையத்தில் கொடுக்கும் சீட்டில் ‘மறுநுழைவு’ என்ற கட்டத்தில் குறியிட வேண்டும். குறியிட்டு ஒரு வருடத்துக்குள், விசாக் காலத்துக்கும் உள்ளே, திரும்பினால் தனி அனுமதி வேண்டாம். குறியிட மறந்தால் உங்கள் தங்கும் உரிமையே போய்விடும்; சி.ஓ.இ.யிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.

முடித்துத் திரும்பும்போது நகராட்சியில் வெளியேறும் அறிவிப்பைக் கொடுத்து, காப்பீட்டை முடித்துவிட்டு வாருங்கள். ஓய்வூதியச் சந்தாவை ஆறு மாதமோ அதற்கு மேலோ கட்டியிருந்தால் ஒரு பகுதியை மொத்தமாகத் திரும்பக் கேட்கலாம். வந்த பிறகு இரண்டு வருடத்துக்குள் விண்ணப்பம் போக வேண்டும். படிவத்தில் உங்கள் மதுரை வங்கிக் கணக்கு விவரத்தையும் கேட்பார்கள், கணக்கில் இருக்கும் பெயரும் பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கிறதா என்று கிளம்பும் முன்பே பார்த்துவிடுங்கள்.